யாருக்கோ அனுப்பிய பணம்

மூன்றாம் முறையும் நீலத்திரை.
கடைசி வட்டம் சுருங்குகிற நேரம்
பாசிர் ரிஸிலிருந்து ஹாஃபிஸ்
"அக்கா, இடப்பக்கம்!" என்று கத்தியது
பாதியில் அறுந்து
விசிறி இரைச்சல் மட்டும்
ஈசூன் நான்காம் மாடி அறையில்.

தொண்ணூற்றெட்டு டிகிரி.
அரிசி வேக இது போதும்.

பெட்டியில் அச்சிட்டிருப்பது நாலு புள்ளி ஏழு.
நான் ஓட்டுவது ஐந்து புள்ளி மூன்று.
கேட்டால் தருகிறது, ஏன் கேட்கக்கூடாது
என்று பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் வாங்கிய அன்றே
முறுக்கிவிட்டேன்.

உட்லண்ட்ஸில் என் வேலையிடத்தில்
இதே சிலிக்கனுக்கு இருபத்தொரு டிகிரி.
ஈரப்பதம் ஒரு விழுக்காடு ஏறினால் மணி அடிக்கும்.
என் மூச்சு அதன்மேல் படாதிருக்க
எனக்குத்தான் முகமூடி.
ஒரு தும்மலுக்கு விளக்கக் கடிதம்.
வீட்டில் அதற்கு
முப்பத்தொரு டிகிரி,
பக்கத்து வீட்டு சம்பால் பெலாச்சான் நெடி,
மூங்கிலில் காயாத என் சீருடை.

சிம் லிம் ஐந்தாம் மாடியில் வில்சன் கோ
படங்களைப் பார்த்தார், சிரிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று, என்றார்.
மாற்றியதை எழுதி வை.
ஒன்பது வெள்ளிக்கு ஒரு குழல் பசை.

பழைய பசை திருநீறாய் உதிர்ந்தது.
பச்சைப் பட்டாணி அளவு புதிது வைத்து மூடினேன்.
தொண்ணூற்றாறு.
டிகிரிக்கு நாலரை வெள்ளி.
எழுதி வைத்தேன்.

அப்புறம் முன்பக்க வடிகட்டி.
கழற்றினால் தூசு இல்லை,
சாம்பல்.
கறுப்புச் செதில்கள், ஓரத்தில் தங்க மினுக்கல்.

ஏழாம் மாதம்.
கீழே புல்வெளியோரத் தகரப் பீப்பாயில்
பத்து நாளாய்
இறந்தவர்களுக்குப் பணம் போகிறது.
போகிற வழியில் என் மூன்று விசிறிகள்
நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றுச் சுற்றி
பறித்து வைத்திருக்கின்றன.
எவர் வீட்டு மூத்தவரோ
அங்கே ஏதோ கவுண்ட்டரில் நின்று
இன்னும் வரவில்லையா, என்று கேட்டிருப்பார்.

குழாயடியில் கழுவ மனம் வரவில்லை.
நாளிதழில் தட்டி, மடித்து,
மின்தூக்கியில் இறங்கிப்
பீப்பாயில் கொட்டினேன்.
ஊதுவத்தி நட்டுக்கொண்டிருந்த அம்மாள்
ஒன்றும் கேட்காமல்
சற்றுத் தள்ளி இடம் விட்டார்.

மேலே வந்தால் எண்பத்தொன்று!
ஹாஃபிஸுக்குச் செய்தி அனுப்பிய
பதினோராவது நிமிடம்
மறுபடி நீலம்.

எண்பத்தொன்றில் விழுந்தால் அது சூடு இல்லை.
இது புரிய இரவு மணி இரண்டானது.
சூட்டின் முதுகுக்குப் பின்னால்
வேறொன்று இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது,
என் ஐந்து புள்ளி மூன்று.

மின்னழுத்தம் கொஞ்சம் ஊட்டினால் நிற்கும், வேகும்.
குறைத்தால் குளிரும், விழும்.
ஐம்பத்து மூன்றை ஐம்பத்திரண்டாக்கினேன்.
நாற்பது நிமிடம் நின்று விழுந்தது,
மரியாதைக்கு நின்றதுபோல.
ஐம்பத்தொன்று.
நினைவகச் சோதனையை ஓடவிட்டுச் சாய்ந்தேன்.

நாலாவது கூடுதல் ஷிஃப்ட் முடியுமா ஷாமினி, என்று
போன வாரம் லியோங் கேட்டதும்
முடியும் என்றதும் நினைவுக்கு வந்தது.
ஏன் வந்தது என்று யோசிக்குமுன்
தூங்கிவிட்டேன்.

காலை ஆறேமுக்கால்.
துப்புரவு ஊழியர் பீப்பாயைக் கவிழ்க்கும் சத்தம்.
திரையில், பிழைகள்: பூஜ்யம்.
எழுபத்தாறு டிகிரி.
விநாடிக்கு நான்கு சட்டகம் குறைவு.
என் கண்ணுக்குத் தெரியவில்லை.
ஹாஃபிஸிடம் சொல்லப்போவதுமில்லை.

வடிகட்டியில் புதிதாய் ஒரு செதில்,
ஒரு மூலை மட்டும் எரியாமல்.
எத்தனை கோடி என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஆறு சுழியங்கள் அப்படியே இருந்தன.
முன்னால் இருந்த எண்ணைத்தான் காணோம்.